கேட் எக்ஸ்எல்: விலங்கியல் ஒன்று, இரண்டாவது எது?

மீன்கொத்தி:
வணக்கம். எம்எஸ்சி விலங்கியல் படிக்கிறேன். வரும் பிப்ரவரியில் கேட் தேர்வில் (எம்டெக், பிஎச்டி சேர்க்கைக்கு உதவும் அகில இந்தியத் தேர்வு) லைஃப் சயின்சஸ் தாள் (எக்ஸ்எல்) எழுதப் போகிறேன். பொதுத்திறனும் கெமிஸ்ட்ரியும் கட்டாயம், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, தாவரவியல், மைக்ரோபயாலஜி, விலங்கியல், உணவுத் தொழில்நுட்பம் என்ற ஐந்தில் ஏதாவது இரண்டு. விலங்கியல் ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன், இரண்டாவதில்தான் மண்டை காய்கிறது. பிஎஸ்சியில் அலைடு (துணைப்) பாடமாகக் கெமிஸ்ட்ரியும் தாவரவியலும் படித்ததால் தாவரவியல் பக்கம் மனசு போகிறது. பயிற்சி மையத்தில் கேட்டால், பயோகெமும் மைக்ரோவும் எடு, விலங்கியலையே விட்டுவிடு என்கிறார்கள். ஹாஸ்டலில் என் அறைத்தோழி, உணவுத் தொழில்நுட்பம் எடுடி, அதை யாரும் எழுதுவதில்லை, போட்டியே கிடையாது என்கிறாள். எழுதிய அனுபவம் உள்ள அண்ணன்கள் அக்காக்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பெட்ரிடிஷ்:
பயிற்சி மையம் சொன்னது சரிதான், முதலில் பயோகெமை எடு. அது மற்ற பிரிவுகளுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்திருக்கிற பாடம். உன் விலங்கியல் பாடத்திட்டத்தையே திறந்து பார், பயோகெமிஸ்ட்ரியும் மூலக்கூறு உயிரியலும் என்று தனித் தலைப்பே இருக்கும், அப்புறம் செல் உயிரியல், மரபணு வெளிப்பாடு, இம்யூனாலஜி. கட்டாய கெமிஸ்ட்ரியிலும் வெப்ப இயக்கவியல், வினைவேகவியல், உயிர்மூலக்கூறுகள் வருகின்றன. ஒரு தடவை ஒழுங்காகப் படித்தால் மூன்று பிரிவில் மார்க்.

அப்புறம், அதில் கேட்கக்கூடிய கணக்கு வகைகள் கொஞ்சம்தான். என்சைம் வேகவியல், பிஹெச் மற்றும் பஃபர், ஸ்பெக்ட்ரோமீட்டர் உறிஞ்சுதல், ஏடிபி எண்ணிக்கை, கட்டற்ற ஆற்றல், டிஎன்ஏ நீளம். ஒரு மாதிரி தருகிறேன்: ஒரு என்சைமின் கேஎம் (வேகம் உச்சத்தில் பாதியாக இருக்கும்போது உள்ள சப்ஸ்ட்ரேட் அளவு) 4 மில்லிமோலார். வேகம் விமேக்ஸில் (உச்ச வேகத்தில்) 80 சதவீதம் வர எவ்வளவு சப்ஸ்ட்ரேட் வேண்டும்? போட்டுப் பார்த்துவிட்டு எழுது.

விலங்கியலை விடுவதா வேண்டாமா என்பதில் நான் பயிற்சி மையத்தின் கட்சி. பயோகெமும் மைக்ரோவும் சேர்ந்த இணைதான் படிக்க வேண்டிய பக்கங்களைக் கணக்குப் பார்த்தால் ஆகக் குறைவு.

நெல்லைத்தாவரன்:
பெட்ரிடிஷ் நண்பர் எந்த இழையில் வந்தாலும் இதே மருந்துச்சீட்டைத்தான் எழுதுகிறார், படித்தவர் எந்தத் துறை என்றுகூடக் கேட்பதில்லை. தங்கச்சி, அலைடில் தாவரவியல் படித்தாய் அல்லவா, அது சும்மா போகாது. பாட்டனியில் நிறைய கேள்விகள் பொருத்துக வகை. குடும்பப் பெயர், நோய்க்காரணி, பொருளாதாரத் தாவரம், உள்ளமைப்பு. நெல்லில் குலைநோய்க்கு மேக்னபோர்த்தே, கோதுமைக் கருந்துருவுக்கு பக்சினியா என்று நாலில் இரண்டு தெரிந்தாலே பல நேரம் விடை சிக்கிவிடும். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும், மிச்ச நேரத்தைக் கெமிஸ்ட்ரியில் போடலாம்.

கணக்கும் உண்டு, ஆனால் மிரட்டாது. ஒரு செல்லில் கரைபொருள் திறன் மைனஸ் 0.9, விறைப்பழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். பக்கத்துச் செல்லில் மைனஸ் 0.6, 0.1. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும்? கரைபொருள் அதிகமுள்ள பக்கம் போகும் என்று அவசரப்படுகிறவர்கள் மாட்டுவார்கள். கூட்டினால் முதல் செல் மைனஸ் 0.4, இரண்டாவது மைனஸ் 0.5. தண்ணீர் கூட்டுத்தொகை அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் போகும். ஆக முதல் செல்லிலிருந்து இரண்டாவதற்குப் போகும். இவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
எந்தப் பாடம் இனிக்கும் என்று பேசுவதற்கு முன்னால் மார்க்கைப் பார்ப்போம். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். பொதுத்திறன் 15, கெமிஸ்ட்ரி 25, நாம் எடுக்கும் இரண்டு பிரிவும் தலா 30. நீங்கள் சண்டை போடுவது ஒரு 30 மார்க்குக்காக. சண்டையே இல்லாத 40 மார்க் ஓரமாகக் கிடக்கிறது, அதை யாரும் பேசக் காணோம். இந்தத் தாளில் உயிரியல் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கெமிஸ்ட்ரியில்தான்.

அடுத்து, அறைத்தோழி சொன்ன "போட்டி கிடையாது" கதை. எக்ஸ்எல்லுக்கு ஒரே தரவரிசைதான். பாட்டனி எழுதியவரும் உணவுத் தொழில்நுட்பம் எழுதியவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள், 100க்கு வாங்கிய மார்க்கை வைத்து. சில தாள்களுக்கு நார்மலைசேஷன் (மார்க்கைச் சமன்படுத்துவது) என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஒரே தாளைப் பல அமர்வுகளில் நடத்தும்போது செய்வது. எக்ஸ்எல்லில் அந்த ஆண்டு விலங்கியல் கொடூரமாகவும் மைக்ரோ லேசாகவும் வந்தால், விலங்கியல்காரனுக்குக் கருணை மார்க் எதுவும் சேர்க்க மாட்டார்கள். ஒரு பிரிவைக் குறைவான பேர் எழுதுவதால் உனக்கு நயா பைசா லாபம் இல்லை. அதில் உனக்கு எத்தனை வருகிறது, அது மட்டும்தான்.

புளிச்சமாவு:
உணவுத் தொழில்நுட்பம் சுலபம் என்ற வதந்தியை யார் கிளப்பிவிடுகிறார்கள் என்று தெரியவில்லை, நான் அந்தத் துறையில் இருப்பவள் என்பதால் எட்டிப் பார்க்கிறேன். ஊட்டச்சத்து, வைட்டமின், நொதித்தல் இதெல்லாம் உயிரியல் ஆட்களுக்கு வரும், சரி. ஆனால் அதோடு முடியாது. உணவுப் பொறியியல் என்று ஒரு பகுதி உண்டு. நிறைச் சமநிலை, ஆற்றல் சமநிலை, வெப்பக் கடத்தல், திரவ ஓட்டம், உலர்த்துதல். பிஎஸ்சி விலங்கியலில் எங்கே இதைப் பார்த்திருப்பாய்?

சின்னதாக ஒன்று: ஒரு பாக்டீரியா ஸ்போருக்கு 121 டிகிரியில் டி மதிப்பு (ஸ்போர் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) 0.2 நிமிடம், இசட் மதிப்பு (டி பத்து மடங்கு மாற வேண்டிய வெப்ப வித்தியாசம்) 10 டிகிரி. 111 டிகிரியில் 12 டி அளவுக்கு அழிக்க எவ்வளவு நேரம்? வெப்பம் பத்து டிகிரி குறைந்ததால் டி மதிப்பு பத்து மடங்காகி 2 நிமிடம், அதைப் 12ஆல் பெருக்கினால் 24 நிமிடம். இது சுலபமான ரகம். ஆவியாக்கியில் பழச்சாறு எவ்வளவு கெட்டியாகும், குழாய்ச் சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் போகும் என்று வருவதுதான் உண்மையான ரகம். பிடெக் உணவுத் தொழில்நுட்பப் பிள்ளைகள் நாலு வருஷம் இதையே செய்துவிட்டு வந்து உட்காருவார்கள். வேண்டாம் கண்ணா, தோழியை அவளே எழுதச் சொல்.

மீன்கொத்தி:
அக்கா, ஆவியாக்கி என்றதுமே ஓடி வந்துவிட்டேன் :) உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு கும்பிடு.

பெட்ரிடிஷ் அண்ணா, விடை 16 மில்லிமோலார். 0.8க்கு எழுதினால் சப்ஸ்ட்ரேட் கேஎம்மைப் போல் நாலு மடங்கு வருகிறது. சரியா?

நெல்லை அண்ணா, அலைடு தாவரவியல் பிஎஸ்சி முதல் இரண்டு வருஷத்தோடு போய்விட்டது. பூ வாய்ப்பாடு வரைந்தது நினைவிருக்கிறது, வேறு என்ன நினைவிருக்கிறது என்று யோசித்தால் பயமாக இருக்கிறது.

பெட்ரிடிஷ்:
சரிதான். அடுத்தது: அதே என்சைம், போட்டித் தடுப்பான் 6 மைக்ரோமோலார் சேர்த்தாயிற்று, அதன் கேஐ (தடுப்பானுக்கான மாறிலி) 2 மைக்ரோமோலார். இப்போது 80 சதவீதத்துக்கு எவ்வளவு?

கரிசல்:
பிஎஸ்சி வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தத் தேர்வை எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இங்கே யாரும் இதைத் தொடவில்லை. கேட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். பிரிவு எடுக்கும்போது எந்தப் பாடம் தெரியும் என்பதோடு, எந்தப் பிரிவில் நீளநீளமான வாக்கியம் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். விலங்கியலில் நடத்தையியல், சூழலியல், பரிணாமம் என்று வரும்போது நாலு கூற்று கொடுத்து எவையெல்லாம் சரி என்பார்கள். ஒரு கூற்றில் ஒரு சின்னச் சொல் மாறினால் அர்த்தமே மாறிவிடும். பயோகெம் கணக்கில் நாலு எண்ணும் ஒரு வாக்கியமும் இருக்கும், அந்த வாக்கியமும் வருஷா வருஷம் ஒரே சாயல். எனக்கு பயோகெம் ஒத்துவந்தது அதனால்தான், பாடம் பிடித்திருந்ததால் இல்லை.

பாட்டனியும் அந்த வகையில் பரவாயில்லை, லத்தீன் பெயர் எல்லோருக்கும் லத்தீன்தான்.

கணக்குப்பிள்ளை:
கரிசல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்விகள் மூன்று ரகம். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஒன்றோ அதற்கு மேலோ சரியாக இருக்கக்கூடியது, எண்ணை நாமே இடுவது. முதல் ரகத்தில் மட்டும்தான் தவறுக்கு மார்க் பிடிப்பார்கள், ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. 2021இல் வந்து சேர்ந்த இரண்டாவது ரகத்தில் தவறுக்குப் பிடித்தம் இல்லை, ஆனால் சரியான எல்லாவற்றையும் குறித்தால்தான் மார்க், பாதி சரிக்குப் பாதி மார்க் எல்லாம் கிடையாது. எண் ரகத்திலும் பிடித்தம் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைக் குத்தினால் சராசரியில் வருவதும் போவதும் சமம், அதாவது பூஜ்யம். இரண்டு மார்க் கேள்வியில் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து மீதி மூன்றில் ஒன்றைக் குத்தினால் சராசரியாக 0.22 லாபம். ஆகவே அரைகுறையாகத் தெரிந்த பாடம் நாலில்-ஒன்று கேள்விகளில் கொஞ்சம் கைகொடுக்கும், மற்ற இரண்டு ரகத்திலும் கைவிட்டுவிடும். தங்கைக்குத் தாவரவியல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

நெல்லைத்தாவரன்:
பிள்ளைவாள், அந்தக் கணக்கு பயோகெமுக்கும் பொருந்தும். தடுப்பான் வகை மூன்றையும் அரைகுறையாக வைத்துக்கொண்டு எண் கேள்வியைப் போட்டால் அதுவும் பூஜ்யம்தான். ஆறேழு மாதம் கையில் இருக்கிறது, மறந்ததைத் திரும்பப் படிப்பது புதிதாகப் படிப்பதைவிட வேகம்.

பெட்ரிடிஷ்:
மறந்ததைத் திரும்பப் படிக்கலாம் என்றால் அவள் பாட்டனி முழுவதையும் அல்லவா படிக்க வேண்டும். வகைப்பாட்டில் ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குழு முறை, உள்ளமைப்பு, கருவியல், பயிர்ப்பெருக்கம், நோயியல், பொருளாதாரத் தாவரவியல். அலைடு பாடத்தில் இதில் எவ்வளவு நடத்தினார்கள்? விலங்கியல் ஏற்கெனவே அகலமான பாடம், புரோட்டோசோவா முதல் பாலூட்டி வரை. இன்னொரு அகலமான பாடத்தை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே முடியாது.

நெல்லைத்தாவரன்:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விலங்கியலும் தாவரவியலும் சேர்ந்தால் சுமை அதிகம்தான். பாட்டனியும் பயோகெமும் என்று எடுத்தவர்கள்தான் எனக்குத் தெரிந்த வட்டத்தில் நன்றாகச் செய்தார்கள். விலங்கியலை விட மனசு வருமா தங்கச்சி?

மீன்கொத்தி:
வராது அண்ணா :)

பெட்ரிடிஷ் அண்ணா, போட்டித் தடுப்பான் இருந்தால் கேஎம் ஒன்று கூட்டல் மூன்று, நாலு மடங்காகி 16. அதைப் போல் நாலு மடங்கு சப்ஸ்ட்ரேட், ஆக 64 மில்லிமோலார்.

ஒரு சந்தேகம். தேர்வறையில் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பிரிவை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் மூன்று பிரிவு படித்துக்கொண்டு போய், எது லேசாக இருக்கிறதோ அதை எழுதலாமே?

ஆய்வகப்பூனை:
நான் எழுதியபோது அப்படித்தான் இருந்தது. திரையில் எல்லாப் பிரிவும் தெரியும், இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் மாற வேண்டுமென்றால் ஏற்கெனவே எடுத்த ஒன்றை நீக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். ஆனால் இந்தத் தேர்வை ஐஐஎஸ்சியும் ஏழு ஐஐடிகளும் மாறி மாறி நடத்துகின்றன (2024இல் பெங்களூரு ஐஐஎஸ்சி, 2025இல் ரூர்க்கி, 2026இல் குவாஹாத்தி), அதனால் நீ எழுதும் ஆண்டின் கையேட்டில் இது எப்படி எழுதியிருக்கிறது என்பதை விண்ணப்பம் போடும் முன்பே படித்துவிடு. பழைய ஆட்கள் சொன்னதை நம்பிப் போகாதே, நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

மூன்று பிரிவு படிக்கும் யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும். 180 நிமிடத்தில் 65 கேள்வி, ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடையாது. மூன்று பிரிவையும் திறந்து மேய்ந்து எது லேசு என்று தீர்மானிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். அதைவிட, மேலோட்டமாகப் படிக்கும்போது லேசாகத் தெரிகிற கேள்விதான் பலநேரம் காலை வாரும். ஹார்டி வைன்பெர்க் (மக்கள்தொகையில் மரபணு விகிதம்) கேள்வியைப் பார்த்ததும் ஆகா என்று தோன்றும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு அந்த ஒடுங்கு நோய் என்று கொடுத்து, கடத்திகள் எத்தனை பேர் என்று கேட்டால், 198 என்பதை விசைப்பலகையைத் தொடாமல், திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகச் சொடுக்கித்தான் எடுக்க வேண்டும். வர்க்கமூலம் காணும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அங்கே போய்த் தேடக் கூடாது. வீட்டிலேயே அந்த மாதிரிக் கால்குலேட்டரில்தான் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். பயோகெம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், மடக்கை இல்லாமல் பிஹெச் கணக்கு நகராது.

புளிச்சமாவு:
அதை ஏன் கேட்கிறாய், அந்தக் கால்குலேட்டரில் அடைப்புக்குறி போட்டுப் பழகவே தனியாக ஒரு ஜென்மம் வேண்டும்.

ஆய்வகப்பூனை:
இன்னொன்றும் விட்டுப்போயிற்று. மீன்கொத்தி, எதற்காக எழுதுகிறாய்? பிஎச்டி என்றால் கேட் மதிப்பெண் உன்னை நேர்காணல் அறை வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் "விலங்கியல் எம்எஸ்சி, சரி, உங்களுக்குப் பிடித்த தலைப்பு என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அங்கே விலங்கியலையே விட்டுவிட்டு மைக்ரோ படித்து மார்க் வாங்கிய பிள்ளை முழிக்கும். அந்த வகையில் விலங்கியலை வைத்துக்கொள்வது நல்லதுதான். எம்டெக் என்றால் கதை வேறு, சில படிப்புகளுக்கு இந்த இந்தப் பிரிவு எழுதியிருக்க வேண்டும் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் பிரிவையே முடிவு செய்ய வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) இடம் என்றால் நெட் அல்லது கேட் தேர்ச்சி கேட்பார்கள், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

மீன்கொத்தி:
பிஎச்டிதான் அக்கா. நண்டு, இறால் உடலியங்கியல் பக்கம் போக ஆசை.

பெட்ரிடிஷ்:
அப்படியானால் நான் மைக்ரோவை வாபஸ் வாங்குகிறேன். உடலியங்கியல் என்றால் அயனிக் கடத்தல், என்சைம், ஹார்மோன் சமிக்ஞை, எல்லாம் பயோகெம். விலங்கியலும் பயோகெமும், முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
முடியவில்லை. இங்கே ஏழு பேர் சேர்ந்து சொன்னாலும் அது அபிப்பிராயம்தான். பழைய வினாத்தாள்கள் கேட் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, விடைக்குறிப்போடு. சமீபத்திய ஆண்டு ஒன்றை எடுத்து, படிக்காமலே, கடிகாரம் வைத்து, பயோகெம் 20 கேள்வியையும் தாவரவியல் 20 கேள்வியையும் போடு. மார்க்கை மட்டும் பார்க்காதே. தவறானவற்றை இரண்டாகப் பிரி, இதைப் படித்தால் வந்துவிடும் என்பது ஒரு பக்கம், விடையைப் பார்த்தும் ஏன் என்று விளங்காதது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் எந்தப் பாடத்தில் குறைவோ அதை எடு.

மீன்கொத்தி:
போட்டுப் பார்த்தேன். சுவாரசியமாக இருந்தது. இப்போதைய மார்க்கில் தாவரவியல்தான் கொஞ்சம் அதிகம், நெல்லை அண்ணா சொன்ன மாதிரி பொருத்துக கேள்விகளில் இரண்டு தெரிந்து மீதி தானாக விழுந்தது. ஆனால் தவறானவற்றைப் பிரித்தபோது கதை மாறிவிட்டது. தாவரவியலில் தவறானது எல்லாம் தனித்தனித் தகவல், ஒன்றைப் படித்தால் அந்த ஒன்றுதான் வரும், அடுத்த ஆண்டு வேறு தாவரத்தைக் கேட்பார்கள். பயோகெமில் தவறியதில் பெரும்பகுதி இரண்டே தலைப்பு, பஃபரும் குரோமட்டோகிராபியும். பஃபர் கட்டாய கெமிஸ்ட்ரிக்கும் ஆகிறது. அதனால் விலங்கியல், பயோகெம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வாரமே பஃபர் பிஹெச் கணக்குக்கான ஹெண்டர்சன் ஹாசல்பால்க் சமன்பாட்டில் உட்காருகிறேன்.

நெல்லைத்தாவரன்:
மார்க் அதிகம் வந்த பாடத்தை விட்டுவிட்டுப் போகிறாய், நடக்கட்டும். காரணம் சரியாகத்தான் இருக்கிறது. ஒளிச்சேர்க்கை பயோகெமிலும் உண்டு, அதில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வர வேண்டும், அந்த பாக்டீரியாக்காரரிடம் போகாதே.

கரிசல்:
கெமிஸ்ட்ரிக்கு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே ஆரம்பி. கரிம வேதியியல் வினைவழிமுறை, மின்வேதியியல், டி தொகுதி தனிமங்கள். கல்லூரி அலைடு நோட்ஸை நம்பினால் பாதிதான் தேறும். தமிழ் வழிப் புத்தகத்தில் புரிந்துகொண்டு ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் போடு, நான் அப்படித்தான் செய்தேன்.

குட்டிச்சாத்தான்:
நான் பிடெக் பயோடெக்னாலஜி கடைசி வருஷம். எக்ஸ்எல் எழுதவா, பிடி (பயோடெக்னாலஜி) தாள் எழுதவா? எக்ஸ்எல் என்றால் எந்த இரண்டு பிரிவு?

கணக்குப்பிள்ளை:
பிடியில் எஞ்சினியரிங் கணிதம் 13 மார்க், பயோபிராசஸ் பொறியியல் எல்லாம் உண்டு. எக்ஸ்எல்லில் கணிதம் கிடையாது, அந்த இடத்தில் கெமிஸ்ட்ரி 25. பிடெக்கில் கணிதம் படித்து வந்தவர் அதை ஏன் வீணாக்க வேண்டும், பிடி எழுதுங்கள். இரண்டு தாள் எழுதவும் அனுமதி உண்டு, ஆனால் கையேட்டில் கொடுத்திருக்கும் இணைகளில் மட்டும், அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், பெட்ரிடிஷ் அங்கேயும் வந்து மைக்ரோ எடுக்கச் சொல்வார்.